புது ரேடியேட்டர்தானே, ஏன் கழுவுவான்?



போன எபிசோட்ல வாட்டர் கூலிங் பற்றிக் கதைக்கேக்க, "ரேடியேட்டர் கழுவுறதைப் பற்றித் தனியா எழுதுறன்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டேன். நேரம் காணாது எண்டு அப்ப சொன்னது பொய். மைக்குக்கு முன்னால சொல்ல வெட்கமா இருந்தது. இந்தக் கதையில பிழை விட்டது நான்தான்.

என்ட சித்தியின்ட மகன் லண்டனில கடைசி வருஷ அனிமேஷன் மாணவன். போன வருஷம் சம்மருக்கு அவனுக்கு ஒரு மெஷின் கட்டிக் குடுத்தேன். ரைசன் 9 5950எக்ஸ், 16 கோர், அதுக்கு மேல 360 மில்லிமீட்டர் செப்பு ரேடியேட்டரோட ஒரு கஸ்டம் வாட்டர் லூப். கண்ணாடி மாதிரித் தெரியிற மெல்லிய டியூப். கூலன்ட் ஊதா நிறம்தான் வேணும் எண்டு அடம்பிடிச்சான். அதையும் வாங்கினோம்.

பூட்டுற அண்டைக்கு அவன் என்னட்டக் கேட்டது வரிக்கு வரி ஞாபகம் இருக்குது.

"அண்ணா, ரேடியேட்டரை முதல்ல கழுவோணுமாம். வீடியோவில சொல்றாங்கள்."

"இது புதுசடா. பெட்டி உடைச்சே அஞ்சு நிமிஷம் ஆகேல்ல. புதுச் சாமானை ஏன் கழுவுவான்?"

அடுத்த நாள் எனக்குப் புது கன்ட்ராக்ட் தொடக்கம். அண்டைக்கு இரவே முடிச்சிட்டு வீட்டை போகவேணும் எண்ட அவசரம். அவன் ஒண்டும் சொல்லேல்ல. குடும்பத்துக்குள்ள கம்ப்யூட்டர் படிச்ச அண்ணா சொன்னா அது சரியாத்தான் இருக்கும் எண்டு நம்பினான்.

எட்டு மாசம் கழிச்சு அவனிட்ட இருந்து மெசேஜ் வந்தது: "அண்ணா, சிபியு 90ல நிக்குது. இறங்குதில்லை."

அந்தச் சிப்புக்கு உச்ச வெப்பநிலை 90 டிகிரி. அதைத் தொட்டவுடன எரிஞ்சுபோகாது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அவன்ட காட்சி பெரிசு, கிராபிக்ஸ் கார்டின்ட மெமரிக்குள்ள அடங்காது. அதனால பிளெண்டர்ல சிபியுவை வைச்சுத்தான் ரெண்டர் பண்ணிக்கொண்டிருந்தான். முந்தி 6 நிமிஷத்தில முடிஞ்ச ஒரு ஃபிரேம் இப்ப 10 நிமிஷம் எடுக்குதாம். இன்னும் 1,100 ஃபிரேம் மிச்சம். 6 நிமிஷம் எண்டால் 110 மணித்தியாலம், அதாவது அஞ்சு நாளுக்குள்ள முடியும். 10 நிமிஷம் எண்டால் ஏழரை நாளைத் தாண்டும். சமர்ப்பிக்க இருந்தது 7 நாள்.

கணக்கைப் பார்த்தவுடன அந்தச் சம்மர் இரவு எனக்கு ஞாபகம் வந்தது.

எங்க அடைச்சிருக்குது?

கழட்டுறதுக்கு முதல் இரண்டு எண்ணைப் பார்க்கவேணும்: சிப்பின்ட வெப்பநிலை, தண்ணியின்ட வெப்பநிலை. இரண்டும் சேர்ந்து ஏறினா, தண்ணியில இருந்து காற்றுக்குச் சூடு போகேல்ல எண்டு அர்த்தம். ஃபேன் நிண்டிருக்கலாம், இல்லாட்டி ரேடியேட்டர் இடுக்கில தூசி நிறைஞ்சிருக்கலாம். சிப் கொதிக்க, தண்ணி குளிரா இருந்தா, சிப்பில இருந்து தண்ணிக்கே சூடு போகேல்ல. அப்ப தெர்மல் பேஸ்ட் பிழையா இருக்கலாம், வாட்டர் பிளாக் அடைச்சிருக்கலாம்.

அவன்ட மெஷினில சிப் 90, தண்ணி 31. ரிசர்வாயருக்குள்ள எட்டிப் பார்த்தேன். ஊதா எங்க? வெளிறிப்போன, கலங்கின ஒரு நிறம். அதிலயே பதில் பாதி கிடைச்சிட்டுது.

ஓட்டம் குறைஞ்சா என்ன நடக்கும் எண்டு ஒரு சின்னக் கணக்கும் பார்ப்பம். ஒரு கிலோ தண்ணியை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,180 ஜூல் வேணும். 140 வாட் சூட்டை நிமிஷத்துக்கு 1 லீட்டர் தண்ணி சுமந்தா, அந்தத் தண்ணி 2 டிகிரிதான் ஏறும். ஓட்டம் கொஞ்சம் குறைஞ்சாலும் தண்ணி தாங்கும். தாங்காதது வாட்டர் பிளாக்குக்குள்ள இருக்கிற மெல்லிய செப்புத் தகடுகள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டரும் இல்லை. தண்ணியோட வாற எல்லா ஊத்தையும் அந்த இடத்திலதான் சிக்கும். ரேடியேட்டரின்ட குழாய்கள் அகலமானவை, அங்க இருந்து கழண்டது எல்லாம் தடையில்லாமல் ஓடி வந்து சிப்புக்கு மேல உட்காரும். தேயிலை வடி மாதிரித்தான் வேலை செய்யுது, ஆனா வடியைத் தட்டிக் கழுவ ஆள் இல்லை.

பிளாக்கைத் திறந்தேன். தகடுகளைக் காணேல்ல. பசை மாதிரி ஒரு படை, வெள்ளையும் ஊதாவும் கலந்து, நடுவில மண்ணிறப் புள்ளிகள்.

முதல் வேலை: அவசரத்தை நிப்பாட்டுறது

பிளாக்கை மட்டும் பல் தூரிகையால தேய்ச்சுப் பூட்டினா ஒரு மணித்தியாலத்தில ரெண்டர் திரும்ப ஓடியிருக்கும். கை அதுக்குத்தான் போனது. ஆனா அந்த ஊத்தை வந்த இடம் ரேடியேட்டர். அதைக் கழுவாமல் விட்டா அடுத்த அடைப்பு எப்ப வரும் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. ரெண்டர் நடுவில கூட வரலாம். அவசரத்தில ஒருக்கா பிழை விட்டாச்சு, அதே அவசரத்தில இரண்டாந்தரமும் விடக்கூடாது.

அதனால என்ட மெஷினில இருந்த ஏர் கூலரைக் கழட்டி அவன்டதில பூட்டினேன். ஒரே சாக்கெட் எண்டதால பொருந்தியது. பெரிய இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒண்டு 140 வாட்டை வசதியாத் தாங்கும். வெள்ளி இரவு 11 மணிக்கு ரெண்டர் திரும்பத் தொடங்கினது. ஃபிரேமுக்கு ஆறரை நிமிஷம். கணக்குப் போட்டா 120 மணித்தியாலம் மட்டில. சமாளிக்கலாம்.

கஸ்டம் லூப் வைச்சிருக்கிற எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான்: ஒரு மலிவான ஏர் கூலரை அலுமாரிக்குள்ள வைச்சிருங்கோ. அது இருந்தா, லூப்பைக் கழுவ எத்தனை நாளும் எடுக்கலாம்.

ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டை போனேன். என்ட பிளாட்டில இருக்கிறது சின்ன ஷவர் மட்டும்தான், அங்க பாத்டப் இருக்குது.

ஊத்தை ஒண்டில்லை, நாலு

"ரேடியேட்டரை எதால கழுவுறது?" எண்டு கேட்டா ஆளுக்கொரு மருந்து சொல்லுவினம். உள்ள இருக்கிறது என்ன ஊத்தை எண்டு தெரியாமல் ஊத்தினா, போகவேண்டியது போகாது, போகக்கூடாதது போகும்.

முதலாவது ஃப்ளக்ஸ். செப்புத் தகடு, பித்தளைக் குழாய், இரண்டு பக்கத் தொட்டி எல்லாத்தையும் சோல்டர் உருக்கித்தான் ஒட்டுறவை. உலோகத்தில ஆக்சைடு படை இருந்தா சோல்டர் பிடிக்காது. அந்தப் படையைத் தின்னத்தான் ஃப்ளக்ஸ் பூசுறது. வேலை முடிய, கொஞ்சம் உள்ளயே மிஞ்சும், சின்னச் சோல்டர் மணிகளும் மிஞ்சும். தொழிற்சாலையில கழுவித்தான் அனுப்புறவை, ஆனா நீளமான ஒடுங்கின குழாய்களுக்குள்ள எல்லாம் போகாது. மிஞ்சின ஃப்ளக்ஸ் கூலன்டில மெல்ல மெல்லக் கரைஞ்சு, அதில இருக்கிற துருத்தடுப்பு மருந்தைத் தின்னும், சாயத்தையும் கெடுக்கும். புது ரேடியேட்டரைக் கழுவச் சொல்றது இதுக்காகத்தான். ஃப்ளக்ஸ் கூடுதலா இருக்கிறது புது ரேடியேட்டரிலதான்.

இரண்டாவது கூலன்டின்ட நிறம். தெளிவான சாயம் அவ்வளவு தொல்லை தராது. பால் மாதிரி ஒளி ஊடுருவாத நிறங்கள், மினுக்கம் உள்ளவை எல்லாம் தண்ணிக்குள்ள மிதக்கிற நுண்துகள்கள். ஓட்டம் குறைஞ்ச மூலையில படியும், ஃப்ளக்ஸோட சேர்ந்தா இன்னும் கெதியாத் திரளும்.

மூன்றாவது டியூப்பில இருந்து வாறது. பிவிசி இயல்பிலேயே விறைப்பானது. வளையவேணும் எண்டதுக்காகப் பிளாஸ்டிசைசர் கலக்கிறவை. சூட்டில அது டியூப்பை விட்டு வெளிய வந்து மெழுகு மாதிரி வெள்ளைப் பசையாகும். தெளிவான டியூப் சில மாசத்தில மங்குறதைப் பார்த்திருப்பீங்கள். வினிகருக்கு இந்தப் பசை அசையாது.

நான்காவது அரிப்பும் உயிரும். செப்பில பச்சை படியிறது, பாசி, பூஞ்சை. அலுமினியத்தையும் செப்பையும் ஒரே லூப்பில கலந்தா அது பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். அதுக்குக் கழுவி மருந்து இல்லை, சாமானை மாத்தவேணும்.

எங்கட பிளாக்கில இருந்தது முதல் மூண்டும் கலந்த கறி.

கழுவின விதம்

முதல்ல சுடுதண்ணி. லண்டன் தண்ணி கல் தண்ணி எண்டு உங்கட கேத்தலைப் பார்த்தாலே தெரியும். ஆனா முதல் சுற்றுகளுக்குக் குழாய்த் தண்ணி போதும், கடைசிச் சுற்றில சுண்ணாம்பை வெளியேற்றலாம். ரேடியேட்டரை முக்கால்வாசி நிரப்பி, ஜி 1/4 மூடியால இரண்டு வாயையும் அடைச்சு, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் குலுக்கினேன். கொதிதண்ணி ஊத்தாதேங்கோ. உள்ள அடைபட்ட காற்று சூடாகி அழுத்தம் ஏறும், மூடியைத் திறக்கேக்க முகத்துக்கு அடிக்கும். கையைச் சுடாத சூடு, கையுறை, மூடியை மெல்லத் திறக்கிறது, இவ்வளவும் போதும்.

வெளிய வந்த தண்ணியைக் காபி வடிதாள் ஒண்டுக்குள்ளால வெள்ளை வாளிக்குள்ள ஊத்தினேன். முதல் தரம் ஊதா. இரண்டாந்தரம் மண்ணிறத் தூள், கடுகு மாதிரி இரண்டு சோல்டர் மணி. எட்டு மாசம் பம்ப் சுத்தின பிறகும் அவ்வளவு உள்ள இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். ஊரில ஒரு மொறிஸ் மைனர் வைச்சிருந்தவர். தூக்கிப் பார்த்து, வாயை மணந்து பார்த்தார்.

"இது கார் ரேடியேட்டர்தானே?"

"ஓம் அப்பா. சின்னன்."

"கழுவாமலோ பூட்டினனி?"

நான் பேசாமல் குலுக்கினேன்.

அவர் சொன்னது சரிதான். 2000 ஆம் ஆண்டளவில கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் செய்த ஆர்வலர்கள் கனபேர் கார் ஹீட்டருக்குள்ள இருக்கிற ஹீட்டர் கோரை வாங்கித்தான் ரேடியேட்டராப் பூட்டினவை. செப்புக் குழாய், மெல்லிய தகடு, சோல்டர், எல்லாம் அதே குடும்பம்.

குசினியில இருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து தந்தார். "கடைசித் தண்ணியை இதுக்குள்ள விட்டு இரவு முழுக்க வை. விடிய அடியைப் பார். கண்ணுக்குத் தெளிவாத் தெரிஞ்சாப்போல தெளிவு எண்டில்லை."

சுடுதண்ணி ஆறு தரம் ஓடின பிறகு வினிகர். 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி இரண்டு பங்கு, அரை மணித்தியாலம், அதுக்கு மேல இல்லை. வெளிய வரேக்க இலேசா நீலப்பச்சை தெரிஞ்சது. அது கரைஞ்ச செப்பு. ஆக்சைடு போயிட்டுது எண்டு சந்தோஷப்படலாம், ஆனா இன்னும் விட்டால் நல்ல செப்பையும் பித்தளையையும் தின்னும். நிக்கல் பூசின பிளாக்குக்கும் அலுமினியத்துக்கும் வினிகர் கிட்டவும் போகக்கூடாது. கடையில ரேடியேட்டர் கழுவுற கிட் விக்கிறவை. சிலதில இருக்கிறது பாஸ்பாரிக் அமிலம். அதைப் பாவிச்சா கண்ணாடி, கையுறை கட்டாயம், போத்தலில போட்ட நேரத்துக்கு மேல விடாதேங்கோ.

அம்மா குசினியில இருந்து கத்தினா: "அந்த வினிகர் கேத்தலுக்கு வாங்கினதடா!"

பிறகு ஒரு லீட்டர் தண்ணியில ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா. மிஞ்சின அமிலத்தை அது முறிக்கும். இந்தக் கட்டத்தில மூடி போடக்கூடாது. அமிலமும் சோடாவும் சேர்ந்தா வாயு பொங்கும், அடைச்சா அதுவும் ஒரு குண்டுதான். பாசிக்கு எண்டு ப்ளீச் ஊத்துற யோசனை வந்தா விட்டுவிடுங்கோ. ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், ப்ளீச் உலோகத்தையும் அரிக்கும்.

கடைசியா டீஅயனைஸ்ட் தண்ணி, கார்ச் சாமான் கடைகளில கிடைக்கும். மலிவான டிடிஎஸ் மீட்டர் ஒண்டும் வைச்சிருந்தேன். எங்கட குழாய்த் தண்ணி 300க்கு மேல காட்டும், டீஅயனைஸ்ட் தண்ணி 0. ரேடியேட்டருக்குள்ள விட்டு எடுத்தது முதல் தரம் 41, பிறகு 12, பிறகு 3.

3 வந்தவுடன முடிஞ்சுது எண்டு நினைச்சேன். அப்பா சொன்னபடி கோப்பையை இரவு வைச்சேன். விடியப் பார்த்தா அடியில மெல்லிய மண்ணிறக் கோடு. மீட்டர் கரைஞ்ச உப்பைத்தான் அளக்கும், கரையாத தூளை அதுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு நாள், காலையும் மாலையும் குலுக்கல். நாலாவது கோப்பைதான் விடிஞ்சும் வெள்ளையா இருந்தது.

பிளாக், டியூப், பிறகு பூட்டுறது

பிளாக்கில இருந்த மெழுகுப் பசைக்குப் பாத்திரம் கழுவுற சோப்பும் மெல்லிய பல் தூரிகையும். செப்புத் தகட்டில மிஞ்சினதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்தது. அந்த ஆல்கஹாலை அக்ரிலிக் மூடியில படவிடாதேங்கோ, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். சோப்பு ஒரு சொட்டும் மிஞ்சாமல் கழுவவேணும், இல்லாட்டி பம்ப் நுரை அடிக்கும்.

பழைய டியூப்பைக் கழுவிப் பிரயோசனம் இல்லை. அதுக்குப் பதிலா கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப். அதில பிவிசி மாதிரிப் பசை கக்குற பிளாஸ்டிசைசர் இல்லை. கூலன்ட் நிறமில்லாதது.

"அப்ப ஊதா?" எண்டு தம்பி கேட்டான்.

"ஊதா லைட் வாங்கித் தாறன்."

நிரப்பிவிட்டு, மற்ற எல்லா வயரையும் கழட்டி, பம்ப்புக்கு மட்டும் கரண்ட் குடுத்து 24 மணித்தியாலம் ஓடவிட்டோம். மதர்போர்ட் இல்லாமல் பவர் சப்ளையை ஓட்ட, 24 முனை இணைப்பில 16ஆவது முனையையும் 17ஆவது முனையையும் இணைக்கவேணும். வயர் நிறமா இருந்தா அது பச்சையும் கறுப்பும். அதுக்கெண்டே விக்கிற சின்ன ஜம்பர் மூடியை வாங்குங்கோ, பேப்பர் கிளிப் வேண்டாம். ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் ஒரு துண்டு டிஷ்யூ சுத்தி வைச்சோம். எல்லாம் காய்ஞ்சபடியே இருந்தது.

பழைய கூலன்டைப் பற்றி ஒண்டு. சிலதில எத்திலீன் கிளைக்கோல் இருக்கும். அது இனிக்கும், பூனையும் நாயும் நக்கும், நக்கினா சாகும். தோட்டத்தில ஊத்தாதேங்கோ. போத்தலில அடைச்சு, பெயர் எழுதி, கவுன்சிலின்ட மீள்சுழற்சி நிலையத்தில என்ன செய்யவேணும் எண்டு கேளுங்கோ.

ஏஐஓ வைச்சிருக்கிற ஆக்களுக்கு: இதை வாசிச்சிட்டு அதைத் திறக்க வெளிக்கிடாதேங்கோ. மூடி முத்திரை வைச்சு வாறது, பலதில ரேடியேட்டர் அலுமினியம். வெளியில தூசி தட்டுறது மட்டும் உங்கட வேலை. உள்ள அடைச்சா மாத்துறதுதான் வழி.

என்ன நடந்தது?

ரெண்டர் புதன் இரவு முடிஞ்சது. இரண்டு நாள் கையில இருக்க அவன் சமர்ப்பிச்சிட்டான். லூப்பைத் திரும்பப் பூட்டினது அதுக்குப் பிறகுதான். இப்ப அதே காட்சியை ரெண்டர் பண்ணேக்க சிப் 68 டிகிரி. ஒரு மாசத்தில கூலன்டைக் கொஞ்சம் எடுத்து அதே வெள்ளைக் கோப்பையில வைச்சுப் பார்த்தோம், அடியில ஒண்டும் இல்லை.

பூட்டி முடிச்ச அண்டைக்கு அவனிட்ட, "நீ கேட்டது சரி, நான்தான் பிழை" எண்டு சொன்னேன். அவன் சிரிச்சுக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும் அண்ணா" எண்டான்.

"அப்ப ஏன்டா சொல்லேல்ல?"

"நீங்கள் அண்ணாதானே."

இந்த நியூஸ்லெட்டரை வாசிக்கிற கனபேர் உங்கட வீட்டில அந்தத் தம்பியாவோ தங்கச்சியாவோ இருப்பீங்கள். நீங்கள் பார்த்த வீடியோ சரியா இருந்து, கம்ப்யூட்டர் படிச்ச அண்ணா அவசரத்தில இருந்தா, இரண்டாந்தரமும் கேளுங்கோ. மற்றாக்கள் என்னை மாதிரி அண்ணாக்கள். உங்களுக்கு: புதுசா இருந்தாலும் கழுவுங்கோ, விடியும்வரை கோப்பையை வையுங்கோ.

அடுத்த எபிசோட்ல சந்திப்பம். அதுவரைக்கும், அம்மாவுக்கு ஒரு போத்தல் வினிகர் கடன் இருக்குது, வாங்கிக் குடுக்கவேணும்.